கரேன் ஹார்னியை முழுசாகப் பாடத்தில் வையுங்கள்

உளவியல் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் படித்த பாடத்திட்டத்தில், ஆளுமைக் கோட்பாடுகள் தாளில், ஜெர்மனியில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் கரேன் ஹார்னி ஒரு பட்டியலாக மட்டுமே இருந்தார். அடிப்படைப் பதற்றம் (பகையான உலகில் தனியாக நிற்கும் குழந்தையின் தவிப்பு), பத்து நியூரோட்டிக் தேவைகள் (அந்தப் பதற்றத்தைச் சமாளிக்க மனம் விடாப்பிடியாகப் பற்றிக்கொள்பவை), அவ்வளவுதான். மனப்பாடம் செய்தால் மதிப்பெண் நிச்சயம். அதே தாளில், உளப்பகுப்பாய்வை உருவாக்கிய பிராய்டின் ஆண்குறிப் பொறாமையையும், அதாவது தனக்கு ஆண்குறி இல்லையே என்று சிறுமி ஏங்குகிறாள் என்ற கருத்தையும், படித்தோம். அதை நேருக்கு நேர் மறுத்தவர் இந்த ஹார்னிதான் என்பதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

அவர் 1885இல் ஹாம்பர்க் அருகே பிறந்தவர். அப்பா கப்பல் தலைவர், கண்டிப்பான மதப்பற்றாளர். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவு திறக்கத் தொடங்கிய காலத்தில், 1906இல், ஃப்ரைபர்க்கில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். திருமணம், மூன்று மகள்கள், பிராய்டின் சீடர் கார்ல் ஆபிரகாமிடம் உளப்பகுப்பாய்வு, பெர்லின் உளப்பகுப்பாய்வு நிறுவனத்தில் ஆசிரியப் பணி என்று வாழ்க்கை நகர்ந்தது. இதெல்லாம் எந்த நூலிலும் கிடைக்கும். பாடத்தில் வர வேண்டியது 1926இல் அவர் எழுதிய கட்டுரை.

அதில் ஓர் அட்டவணை உண்டு. இடப்பக்கம், பெண்பிள்ளையைப் பற்றிச் சின்னப் பையன் நினைத்துக்கொள்வது: அவளுக்கும் தன்னைப் போலவே இருக்கும், இல்லை என்று தெரிந்ததும், அறுத்துவிட்டார்கள் போல, அதனால் அவள் மட்டமானவள், இந்த இழப்பை அவள் எப்படித்தான் தாங்குவாளோ! வலப்பக்கம், பெண்ணின் வளர்ச்சி பற்றி அன்றைய உளப்பகுப்பாய்வு சொன்னது. இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. விஞ்ஞானம் என்று வைத்திருந்தது ஒரு பையனின் கற்பனை என்பதைக் குரலை உயர்த்தாமல் காட்டிவிடுகிறார். நமது பண்பாடே ஆண்களின் பண்பாடு என்று சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் சொன்னதைத் துணைக்கு அழைக்கிறார். தாய்மையை இந்தக் கணக்கில் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறார். ஆண் நோயாளிகளிடம் கருத்தரிப்பின் மீதும் பாலூட்டுவதன் மீதும் தான் கண்ட கடும் பொறாமையையும் எழுதுகிறார். சிறுமிக்குப் பொறாமையே கிடையாது என்று அவர் சொல்லவில்லை. வளர்ந்த பெண்ணிடம் காண்பதைப் பிள்ளைப்பருவத்து உறுப்புக் குறையாக மட்டும் பார்க்காதீர்கள், பிறந்ததிலிருந்து அவளைத் தாழ்த்தி வைத்திருக்கும் சமூகத்தையும் பாருங்கள் என்பதே அவர் வாதம்.

பிராய்டின் பதில்? அவர் இறந்தபின் 1940இல் வெளியான நூலில், ஆண்குறிக்கான தன் ஆசையின் வலிமையைத் தானே உணராத ஒரு பெண் உளப்பகுப்பாய்வாளர், தன் நோயாளிகளிடமும் அதைக் குறைத்து மதிப்பிட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்கிறார். பெயர் இல்லை. யாரைச் சொன்னார் என்பதில் பலருக்கும் சந்தேகம் இல்லை. நீ மறுப்பதே உன் நோய்க்குச் சாட்சி என்றால், அதன் பிறகு வாதாட என்ன இருக்கிறது? இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே ஆய்வு முறையியல் வகுப்பு ஒன்றை முழுதாக நடத்தலாம்.

1932இல் ஹார்னி அமெரிக்கா போனார். 1939இல் வந்த நூலில் பிராய்டின் அடிப்படைகளையே கேள்வி கேட்டார். 1941இல் நியூயார்க் உளப்பகுப்பாய்வுச் சங்கம் ஓட்டெடுப்பு நடத்தி, புது உளப்பகுப்பாய்வாளர்களைப் பயிற்றுவிக்கும் அவரது தகுதியைப் பறித்தது. அவர் வெளியேறினார், சக உளப்பகுப்பாய்வாளர் கிளாரா தாம்சன் உள்ளிட்ட சிலரும் கூடவே போனார்கள். தனி நிறுவனம் பிறந்தது. அவரைத் தெய்வமாக்க வேண்டாம். ஓரிரு ஆண்டுகளிலேயே, மருத்துவர் அல்ல என்ற காரணத்தால், உடன் வேலை செய்த உளப்பகுப்பாய்வாளர் எரிக் ஃப்ராமின் பயிற்றுவிக்கும் உரிமையை அந்தப் புது நிறுவனமே நிறுத்திவிட்டது. இதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

அவருடைய பெண் உளவியல் கட்டுரைகள், அவர் 1952இல் இறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1967இல்தான் ஒரே நூலாக வந்தன. அந்தத் தாமதத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. இன்றும் அவை வகுப்புக்கு வராததற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். ஆலோசகர் அறைக்கு வரும் பெண்கள் பலர். அவர்கள் எதிரே உட்காரப்போகும் மாணவி பிராய்டை மட்டும் தெரிந்துகொண்டு போகக் கூடாது.

கேட்பது அதிகமில்லை. பிராய்டின் பாடத்துக்கு அடுத்த வகுப்பிலேயே அந்த அட்டவணையைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். பத்துத் தேவைகளில் இரண்டைக் குறைத்துக் கேட்டாலும் பரவாயில்லை. வினாத்தாளில் ஒரு வினாவாவது இந்த வாதத்திலிருந்து வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவி ஒருத்தி