அரை டிக்கெட்டை வெட்டிவிடாதே

மாப்ளே,

வைகாசிக்கு அப்புறம் நான் எழுதவும் இல்லை, போனிலும் அகப்படவில்லை என்று நம் கூட்டாளி டைனமோவிடம் புலம்பினாயாம். முழங்கால் வலி, பேத்தி காதுகுத்து என்று சாக்குச் சொல்லலாம். உண்மை வேறு. வெட்கம்.

இங்கே எல்லாரும் நலம். என் தங்கச்சிக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? நீ திருட்டுத்தனமாக அல்வா வாங்கிக் கொடுக்காமல் இருந்தால் சரி.

கஜா புயலில் போன எங்கள் மாமரத்தைப் பற்றித்தான். 2018 நவம்பர் 16 விடிகாலை. ரோடெல்லாம் தென்னை கிடந்து, மறுநாள் நீ மதுக்கூரிலிருந்து நடந்தே வந்தாய். ஒட்டு இருந்த இடத்தோடு பிளந்து சாய்ந்திருந்தது. அடிக்கட்டை மட்டும் மிச்சம். மாசியில் அது செக்கச்செவேலென்று துளிர்த்தபோது நான் ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியும். "அப்பா திரும்பி வந்துட்டார்டா" என்று போனில் அழுதேன். நீ ஏதோ சொல்ல வந்தாய், நான் எங்கே கேட்டேன்? ஆறு வருஷம் ஆட்டெருவும் தண்ணீருமாக வளர்த்தேன். போன வருஷம் நாற்பது காய்க்குக் குறையாது. உனக்கு ஒரு கூடை என்று வாய் கொடுத்ததும் நான்தான்.

வைக்கோலில் பழுக்க வைத்து, முதல் பழத்தை உன் தங்கச்சி அரிந்து பேத்திக்குக் கொடுத்தாள். குழந்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. நானும் வாயில் போட்டேன். நாரும் கொட்டையும்தான், புளிப்பில் பல் கூசியது. அப்போதுதான் உறைத்தது. ஒட்டுக்கு மேலே இருந்ததுதான் பாதிரி ரக மாம்பழம். (உன் அப்பா அது பாதிரியே இல்லை என்று கடைசிவரை சாதித்தார், அது தனி வழக்கு.) ஒட்டுக்குக் கீழே துளிர்த்தது எவனோ தின்று எறிந்த கொட்டையில் முளைத்த நாட்டுக்கன்று. ஆறு வருஷம் நான் கும்பிட்டது அதைத்தான். மீதிக் காயை உன் தங்கச்சி ஊறுகாய் போட்டுவிட்டாள், அவளுக்கு நட்டமில்லை.

இத்தனைக்கும் தெருவில் பாதி வீட்டுக் கொய்யா நான் பதியம் போட்டுக் கொடுத்தது! இந்தக் கார்த்திகையிலும் ஆறு கிளையில் போட்டேன். விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வழவழப்புப் போகச் சுரண்டி, ஈரமான தேங்காய் நார்க்கழிவை அப்பி, பாலிதீன் சுற்றி இரண்டு முனையையும் இறுகக் கட்டினேன். இலை சமைத்த சத்து பட்டை வழியாகத்தானே இறங்கும்? வழியை அடைத்தால் வளையத்துக்கு மேலே தேங்கி, அங்கேயே வேர் விடுகிறது. தை கடைசியில் பார்த்தால் பாலிதீனை ஒட்டிக்கொண்டு வெள்ளை வெளேரென்று சேமியா மாதிரி வேர். நான்கு தேறியது. ஒன்றில் எறும்பு குடியேறிவிட்டது, ஒன்றை நானே அவசரப்பட்டுப் பிரித்துக் கெடுத்தேன். ஆனால் மாமரத்துக்கு இந்த வித்தை லேசில் பலிக்காது. ஒட்டுதான் வழி. ஒட்டுக்குக் குச்சி வேண்டும்.

அந்தக் குச்சி உன் கிணற்றடியில் மட்டும்தான் இருக்கிறது மாப்ளே. 1991-ல் அப்பா எங்கள் மரத்தில் கிளையோரமாக மூங்கில் பரண் கட்டி, தொட்டிக் கன்றை மேலே ஏற்றி, இரண்டிலும் பட்டையைச் சீவி ஒன்றோடொன்று அணைத்து வாழைநாரால் கட்டினாரே, நீதானே ஏணியைப் பிடித்தாய். மூன்று மாதம் கழித்து மடியில் வைத்து மன்னார்குடிக்குக் கொண்டுபோனாய். அதற்கு அரை டிக்கெட் கேட்டுக் கண்டக்டர் பேசிய பேச்சை இப்போது எழுதினால் நீ சிரித்துவிடுவாய், நான் சொல்ல வந்தது நின்றுவிடும்.

கார் ஷெட் போட அந்த மரத்தை எடுக்கப் போகிறாயாம். டைனமோ சொன்னதிலிருந்து தூக்கம் இல்லை. அப்பா கை பட்டது என்று வேறு ஒன்றும் என்னிடம் இல்லை. வீட்டைக்கூட அண்ணன் இடித்துக் கட்டிவிட்டான்.

ஆடி வரைக்கும் பொறு, அவ்வளவுதான் கேட்கிறேன். இந்தப் புளிப்பு மரத்தை இந்த வாரமே இடுப்பளவில் வெட்டப் போகிறேன். வெட்டின இடத்தில் துளிர் கிளம்பும். அது பென்சில் பருமன் ஆனதும் பிளந்து, உன் குச்சியை ஆப்பு மாதிரி சீவி இறக்கிக் கட்ட வேண்டும். தண்ணீர்தான் கவலை. மேட்டூர் அணைத் தண்ணீர் ஜனவரி 28 வரைதானே கணக்கு, புது ஆறு (அதுதான் கல்லணைக் கால்வாய்) மணலாகக் கிடக்கிறது. போர்வெல் இருக்கிறது, சமாளிப்பேன்.

ஆடியை மட்டும் நம்பி இருக்கவும் பயமாக இருக்கிறது. பங்குனியில் ஒரு தரம் நாலைந்து குச்சி கொண்டு வா, பக்கத்துச் சிம்புகளில் கட்டிப் பார்க்கிறேன். பூத்த கிளையைத் தொடாதே. பூக்காத நுனியாக, மூன்று நான்கு மாதம் முதிர்ந்ததாகப் பார். வெட்டுவதற்குப் பத்து நாள் முன்னால் இலையை மட்டும் கிள்ளிவிடு, காம்பு இருக்கட்டும். காம்பு தானாக உதிர்ந்து நுனி புடைக்கும், அன்றைக்கு வெட்டு. ஈரத்துணியில் சுற்றி, மேலே வாழை மட்டை வைத்துக் கட்டு. கார் வேண்டாம், வெயிலில் நிறுத்திவிட்டு எங்காவது டீ குடிக்கப் போய்விடுவாய். பஸ்ஸில் வா. குச்சிக்கும் டிக்கெட் கேட்டால் நான் தந்துவிடுகிறேன்.