அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பத்திரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் மதுரைப் பகுதி சார்பதிவாளர் அலுவலகங்களில் டோக்கனுக்கு அலைமோதுகிறார்கள். முகூர்த்த நாள்களில் பதிவுத்துறை கூடுதல் டோக்கனும் ஒதுக்குகிறது. ஆனால், வீட்டுக் கிரயங்கள் மாதக்கணக்கில் இழுப்பதற்கு அந்த ஒரு நாள் கூட்டம் காரணமில்லை. விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதக் கெடு வைத்து உடன்படிக்கை எழுதிய பிறகுதான் பலரும் மூலப்பத்திரங்களை வக்கீலிடம் கொண்டு போகிறார்கள். கெடு ஓடத் தொடங்கிய பின் சிக்கல்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

அதிகம் இழுப்பது வாரிசு விஷயம். தந்தை தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்களோடு அப்போது உயிரோடு இருந்த அவருடைய தாய்க்கும் சமபங்கு உண்டு. இந்த அப்பத்தா பங்கைப் பெரும்பாலான குடும்பங்கள் நினைத்தே பார்ப்பதில்லை. அவரும் பின்னால் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அந்தப் பங்கில் பெரியப்பா, சித்தப்பா, அத்தைமாருக்கும் உரிமை வந்துவிடும். அத்தனை பேரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், இல்லையேல் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித்தர வேண்டும். அதில் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் (அவருக்காக இங்குள்ள ஒருவர் கையெழுத்திட அதிகாரம் தருவது) வரவேண்டும். அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். மைனர் பெயரில் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி கேட்பார்கள். அனுமதியில்லாமல் விற்றால், அந்தப் பிள்ளை மேஜரான மூன்று ஆண்டுக்குள் கிரயத்தை ரத்து செய்யக் கோரி வழக்குப் போடலாம். வக்கீல் வேண்டுமென்றே தாமதிக்கிறார் என்று கோபப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்தது அளவு. பத்திரத்தின் சொத்து விவரத்தில் 'கிழமேல் இருபுறமும் 30 அடி, தென்வடல் இருபுறமும் 60 அடி, ஆக 4 செண்டு' என்று இருக்கும். 30-ஐ 60-ஆல் பெருக்கினால் 1,800 சதுர அடி. 4 செண்டு என்பதோ 1,742.4 சதுர அடிதான். பட்டாவில் சதுர மீட்டரில் மூன்றாவதாக ஒரு கணக்கு இருக்கும். 57 சதுர அடிதானே என்று விற்பவருக்குத் தோன்றும். கடன் கொடுக்கும் வங்கி அப்படி விடாது, பிழைத்திருத்தல் பத்திரம் கேட்கும். அதில் அன்றைக்கு எழுதிக்கொடுத்தவரே கையெழுத்திட வேண்டும்; அவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளைத் தேடிப் போக வேண்டும். மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இதோடு பொதுச்சுவர் தகராறும் சேர்ந்துகொள்ளும்.

ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் போல 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில் வேறு பிரச்னை. பழைய பத்திரத்தில் கிராம சர்வே எண், புதிய பதிவேட்டில் நகர சர்வே எண் என்று இருந்தால், இரண்டும் ஒரே இடம்தான் என்பதற்கு வருவாய்த் துறையின் ஆதாரம் வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனை என்றால் பதிவுக்கு வரம்புத் தேதியான 20.10.2016-க்கு முன்பு அது மனையாகப் பதிவானதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்று நம்பிவிடுவதும் தவறு. பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். பதிவு செய்யாத உயிலோ, நீதிமன்றத்தில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கோ அதில் தெரியாமல் போகலாம்.

ஆகவே விற்க நினைப்பவர்கள் விலை சொல்லும் முன்பே குறைந்தது 30 ஆண்டு வில்லங்கம் போட்டு, பட்டாவைத் தங்கள் பெயருக்கு மாற்றி, வாரிசுச் சான்றையும் வாங்கிவைக்க வேண்டும். வாங்குபவர்கள் முதலில் ஜெராக்ஸ் வாங்கி வக்கீலின் கருத்துரையைப் பெறட்டும். அவசரமாக உடன்படிக்கை போட்டே தீரவேண்டும் என்றால், எல்லா அசல்களும் கைக்கு வந்த தேதியிலிருந்து கெடு தொடங்கும் என்று அதிலேயே எழுதுங்கள்.

வங்கிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கடனை அடைத்தவரிடம் அசல் பத்திரத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அடமானம் தீர்ந்தது என்று வங்கி எழுதித்தரும் ரசீது ஆவணம் பதிவாவதில்லை. பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போது வில்லங்கத்தில் அடமானம் அப்படியே நிற்கிறது. அதற்குள் அந்த வங்கி வேறொன்றோடு இணைந்திருந்தால், யார் வந்து கையெழுத்திடுவது என்பதற்கே வாரக்கணக்கில் அலைச்சல். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தந்து, சொத்தின் மீது பதிவான அடமானப் பொறுப்பையும் நீக்க வேண்டும், தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தரவேண்டும் என்ற ரிசர்வ் வங்கி உத்தரவு 1.12.2023 முதல் நடப்பில் இருக்கிறது. கடனைக் கட்டி முடித்தவர்கள் அந்த 30 நாளுக்குள்ளேயே ரசீதைப் பதிவு செய்து தரும்படி எழுத்தில் கேளுங்கள். பதிவானதும் ஒருமுறை வில்லங்கம் போட்டு, அது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆவண எழுத்தர்,
மதுரை.