‘கெட்டியாகக் கொடுங்கள்’ என்றால் எவ்வளவு கெட்டி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படுவோருக்கான உணவு பற்றித் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையில், ‘தண்ணீர், மோர் வேண்டாம், இட்லி மாவுப் பதத்தில் கஞ்சி கொடுங்கள்’ என்று இருந்தது. நோக்கத்தில் தவறில்லை. தண்ணீர் தொண்டையில் வேகமாக ஓடி, குரல்வளை மூடுவதற்குள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கெட்டியான திரவம் மெல்ல நகர்வதால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். ஆனால் இட்லி மாவுப் பதம் ஒரு அளவே அல்ல. ஒரே வீட்டில் ராத்திரி கரைத்து வைத்த மாவும் காலையில் பொங்கி நிற்கும் மாவும் ஒன்றாக ஓடுவதில்லை. புரையேறியும் இருமல் வராத நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் பதம் தப்பினால், தப்பியது என்பதே தெரியாது.

இதற்கென்று ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேசத் தர அமைப்பு பானங்களை 0 முதல் 4 வரை ஐந்து நிலைகளாகப் பிரித்திருக்கிறது. முதல் நான்கு நிலைகளையும் பிரித்தறிய ஒரு 10 மி.லி. சிரிஞ்சும் நொடி காட்டும் கடிகாரமும் போதும். சிரிஞ்சின் உள்தண்டை உருவி எடுத்துவிட்டு, அடி மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு, 10 மி.லி. கோடு வரை திரவத்தை நிரப்ப வேண்டும். இன்னொரு சிரிஞ்சால் நிரப்பினால் காற்றுக் குமிழி சிக்காது. விரலை எடுத்து, சரியாக 10 நொடியில் மறுபடி அடைத்துவிட்டு, உள்ளே மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 1 மி.லி.க்குக் குறைவாக இருந்தால் நிலை 0, அதாவது தண்ணீர் மாதிரி. 1 முதல் 4 வரை நின்றால் நிலை 1. 4 முதல் 8 வரை நின்றால் நிலை 2. 8-க்கு மேல் நின்றும் கொஞ்சமாவது இறங்கியிருந்தால் நிலை 3. ஒரு சொட்டும் இறங்காவிட்டால் சிரிஞ்சை வைத்துவிட்டு முள்கரண்டிக்குப் போக வேண்டும். நிலை 4 உணவு முள்கரண்டியின் மேல் குவியலாக உட்காரும். இடுக்கு வழியே ஒரு சின்ன வால் தொங்கலாம், தொடர்ந்து ஒழுகக் கூடாது. கரண்டியைச் சாய்த்தால் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் அது தொண்டையிலும் ஒட்டும்.

சோதனை பொய்க்கும் இடங்களும் உண்டு. எல்லா 10 மி.லி. சிரிஞ்சும் ஒரே குழாய் அல்ல. 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மி.மீ. இருக்க வேண்டும், ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். ஊசியைத் திருகிப் பூட்டும் வகையை விட்டு, வெறுமனே செருகும் வகையை வாங்குங்கள். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். 10 நொடிக்குள் முழுவதும் இறங்காவிட்டால் அந்தச் சிரிஞ்சு உதவாது. கஞ்சியில் ஒரு குருணை மூக்கில் அடைத்தால்கூட 9 மி.லி. நிற்கும். அதை நிலை 3 என்று நம்பினால், கொடுப்பது நீர்க் கஞ்சியாக இருக்கும்.

சிலர், பானத்தைக் கெட்டியாக்கும் திக்னர் பவுடர் டப்பாவிலேயே பாகுநிலை எண், அதாவது எவ்வளவு கெட்டி என்ற எண், இருக்கிறதே என்பார்கள். அந்த எண்ணை எப்படி வாசிப்பது என்பதில்தான் குழப்பமே. அமெரிக்காவில் 2002-ல் வந்த வரையறை 51 முதல் 350 சென்டிபாய்ஸ் (பாகுநிலையின் அலகு) வரை ஒரு வகை, 351 முதல் 1,750 வரை அடுத்த வகை, அதற்கு மேல் கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் வகை என்று பிரித்தது. அந்த எண்கள் 25 டிகிரி செல்சியஸில், நொடிக்கு 50 என்ற ஒரே சறுக்கு வேகத்தில் அளந்தவை. திரவத்தின் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று எவ்வளவு விரைவாக வழுக்குகின்றன என்பதுதான் சறுக்கு வேகம். தண்ணீருக்கும் தேனுக்கும் அது கூடினாலும் குறைந்தாலும் பாகுநிலை மாறுவதில்லை. மாவுக் கஞ்சியும் பிசின் கரைசலும் அப்படியல்ல. வேகம் கூடக்கூட இளகிவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாவுக் கஞ்சி ஒன்றும், சாந்தன் கம் என்ற பிசின் தூளின் கரைசல் ஒன்றும் நொடிக்கு 50-ல் 300 சென்டிபாய்ஸ் காட்டுகின்றன. வேகம் கூடும்போது எவ்வளவு இளகும் என்பதைக் காட்டும் பாய்வுக் குறியெண் (1-க்குக் கீழே குறையக் குறைய அதிகம் இளகும்) மாவுக் கஞ்சிக்கு 0.5, சாந்தன் கம் கரைசலுக்கு 0.2 என்று வைத்துக்கொள்வோம். வேகம் நொடிக்கு 1 ஆகக் குறைந்தால் கஞ்சி சுமார் 2,100, சாந்தன் சுமார் 6,900. வேகம் 500 ஆனால் கஞ்சி 95, சாந்தன் 48. டம்ளரில் கெட்டியாகத் தெரிகிற சாந்தன் கரைசல், வேகமாக ஓடும்போது கஞ்சியைவிட நீர்த்துப் போகிறது. டப்பாவில் அச்சடித்த எண் இரண்டுக்கும் ஒன்றுதான். சறுக்கு வேகம், வெப்பநிலை, கலக்கி எத்தனை நிமிடம் கழித்து அளந்தது ஆகிய மூன்றும் கூட இல்லாத பாகுநிலை எண் வெறும் அலங்காரம். வட்டத் தட்டு பொருத்திய தண்டைச் சுழற்றிப் பாகுநிலையை அளக்கும் சாதாரண விஸ்காமீட்டர் கருவியில் சறுக்கு வேகம் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. எந்தத் தண்டு, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதையாவது எழுதிவைத்தால்தான் இன்னொருவர் திரும்ப அளக்க முடியும்.

கேழ்வரகுக் கூழை ஆய்வகத்தில் அளப்போருக்கும் ஒரு வார்த்தை. கூழை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அளக்கும் கருவியில், தட்டுகளுக்கு இடையிலான இடைவெளி, கூழிலுள்ள பெரிய துகளைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். வழவழப்பான தட்டாக இருந்தால் அதை ஒட்டி மெல்லிய நீர்ப்படலம் உருவாகி, கூழ் மொத்தமாகச் சறுக்கும். எண் குறைவாக வரும். சொரசொரப்பான தட்டோ, துடுப்பு வடிவத் தண்டோ வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

வீட்டில் பெரிய எதிரி எச்சில். அதிலுள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டிக்கொண்டே போகும். வாயில் வைத்த கரண்டியைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டு ஊட்டினால், சாப்பாடு முடியும்போது அடியில் கிடப்பது தண்ணீராகத்தான் இருக்கும். முதல் கரண்டி நிலை 2, கடைசிக் கரண்டி நிலை 0. ஊட்டும் அளவைச் சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்துக்கொள்வதே வழி. சாந்தன் கம்மை அமிலேஸ் தொடுவதில்லை. ஆனால் அதன் தூளை மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழுவழுவென்றும் உள்ளே உலர்ந்தும் கட்டிகள் நிற்கும். சுழலும் தண்ணீரில் தூவி, முள்கரண்டியால் அடித்துவிட்டுச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். பாலில் இன்னும் நேரமாகும். பொறுக்காமல் ‘இன்னும் ஒரு ஸ்பூன்’ போட்டால், பிறகு ஓடவே ஓடாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தத் தூளை மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

படுக்கையில் இருப்போருக்கு மலச்சிக்கல் மருந்து கொடுப்பது வழக்கம். பாலிஎத்திலீன் கிளைக்கால் வகை மருந்தை மாவுச்சத்துத் திக்னரோடு கலந்தால் கெட்டித்தன்மை குலைந்துவிடும் என்று பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2021-ல் எச்சரித்தது. இங்கே இதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு.

கஞ்சி ஆற ஆற இறுகும். பரிமாறும் சூட்டில்தான் அளக்க வேண்டும், அரை மணி கழித்து மிச்சத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பருக்கை அடியிலும் தெளிந்த நீர் மேலுமாகப் பிரிகிற கஞ்சி எந்த நிலையிலும் சேராது, ஏனென்றால் ஒரே வாயில் தண்ணீரும் திடப்பொருளும் சேர்ந்து போகின்றன. அரைத்து வடிகட்டித்தான் கொடுக்க வேண்டும். ஐஸ்கிரீமும் ஜெலட்டின் ஜெல்லியும் கரண்டியில் கெட்டி, வாய்ச் சூட்டில் திரவம். சைனா கிராஸ் 85 டிகிரி வரை உருகாது என்பதால் அது பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அது துண்டு துண்டாக உடைந்து நீரும் விடும்.

‘எதற்கும் கொஞ்சம் கூடுதலாகவே கெட்டியாக்குவோம்’ என்பதும் சரியல்ல. மிகக் கெட்டியானது தொண்டையில் தங்கி, பிறகு மூச்சோடு உள்ளே போகலாம். பிடிக்காமல் நோயாளி குடிப்பதையே குறைத்துக்கொள்வதும் உண்டு. எந்த நிலை என்பதை விழுங்கும் திறனைப் பரிசோதித்த மருத்துவரோ ஸ்பீச் தெரபிஸ்ட்டோதான் சொல்ல வேண்டும். சொன்ன நிலைக்குக் கஞ்சி வந்திருக்கிறதா என்று காட்டுவது மட்டுமே சிரிஞ்சின் வேலை.

அந்தக் கட்டுரை இணையப் பதிப்பில் இன்னும் இருக்கிறது. ‘இட்லி மாவுப் பதத்தில்’ என்பதை எடுத்துவிட்டு, ‘மருத்துவர் குறித்துக் கொடுத்த நிலையில், 10 மி.லி. சிரிஞ்சில் 10 நொடி அளந்து’ என்று திருத்தி, அளக்கும் முறையை ஒரு கட்டத்தில் படத்தோடு வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
உணவுப் பாய்வியல் துறையைச் சேர்ந்த வாசகர்கள்,
கோயம்புத்தூர்