கல்யாண மேளத்துக்குப் போகும் மகளுக்கு

சிரஞ்சீவி பாப்பாவுக்கு அப்பாவின் ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம். மார்கழி முடிய இன்னும் நாலு நாள்தான். விடியலில் கோயிலில் நாயனத்தில் பூபாளம், பௌளி ராகங்களை வாசித்து முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். தை பிறந்ததும் சிங்கப்பூரில் உனக்கு ஒரு கல்யாண மேளம் என்று அம்மா சொன்னாள். உன் வாசிப்புக்கு நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாண மேளம் வேறு, கச்சேரி வேறு.

முதலில் நாயனத்தில் நீ வாய் வைத்து ஊதுகிற சீவாளியைக் கவனி. புதுச் சீவாளியை மண்டபத்துக்குக் கொண்டு போகவே போகாதே. வீட்டில் வாசித்துப் பழக்கிய மூன்று சீவாளியாவது கையில் இருக்கட்டும். வாயில் வைத்து ஊறவிட்டு, விரலால் மெல்ல அழுத்தி அதன் வாயைச் சரிபண்ணு. வாய் அதிகம் திறந்திருந்தால் காற்று வீணாகும், சுருதி இறங்கும், அரை மணியில் கன்னம் வலிக்கும். ஒட்டிப் போனால் கீச்சிடும், மேலே ஏறும். வாசித்ததும் எச்சிலைத் துடைத்துக் காற்றில் ஆறவிடு. அந்த ஊர் ஈரத்தில் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

உன் நாயனம் நரசிங்கம்பேட்டை வேலை, பழைய வீட்டு ஆச்சா மரம். 2022-ல் அந்த ஊர் நாயனத்துக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. குறியீடு வந்ததால் ஏசி குளிர் அதைத் தொடாமல் போகாது! வெளியே புழுக்கம், உள்ளே குளிர். குளிர்ந்த நாயனம் சுருதி இறங்கித்தான் பேசும். அரை மணி முன்னாலேயே மண்டபத்துக்குள் கொண்டு போய் வைத்து, ஐந்து நிமிஷமாவது ஊதிச் சூடேற்றிய பிறகுதான் சுருதிப் பெட்டியோடு சேர். இன்னும் இறங்கியிருந்தால், சீவாளியைச் செருகுகிற சின்னக் குழாய், அந்தக் கெண்டையைச் சற்று உள்ளே தள்ளு, ஏறியிருந்தால் வெளியே இழு. அதற்கும் வராமல் ஆடினால், கெண்டையில் சுற்றிய நூல் தளர்ந்து காற்று கசிகிறது என்று அர்த்தம். இரண்டு சுற்று கூட்டிச் சுற்று. கீழே இருக்கிற ஐந்து துளைகளில் நான் வைத்த மெழுகை மட்டும் தொடாதே. அன்றைக்கு ஒரு நாள் குளிருக்காக அதை மாற்றினால் ஊருக்கு வந்து நான்தான் திருத்த வேண்டும்.

தவில்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவை. ஈரத்தில் தவிலின் தொப்பி, அதாவது குச்சியால் அடிக்கிற பக்கத்துத் தோல், தொய்ந்துவிடும். நட்டை ஒரே பக்கமாக முறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கச் சொல். முடிந்ததும் தளர்த்தி வைக்கட்டும். மண்டபத்துக்குள் தவிலுக்கு மைக் வேண்டவே வேண்டாம். உனக்கு வைத்தால் நாயனத்தின் விரிந்த அடிவாயான அணைசுக்கு நேரே வைக்க விடாதே, கரகரக்கும். பக்கவாட்டில், இரண்டடி தள்ளி இருக்கட்டும்.

இனி வாசிப்பு. மாப்பிள்ளை அழைப்புக்கு கம்பீரநாட்டை ராகத்தில் தொடங்கினால் நடைக்கும் கம்பீரமாக இருக்கும். ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவியோ குறிஞ்சியோ. ஊஞ்சல் ஆடுகிற வேகத்துக்கே காலப்பிரமாணத்தை வை, வேகமாக உருளும் பிர்காவைக் கொட்டாதே. மணவறையில் சடங்கு நடக்கும்போது பெரிய உருப்படி எடுக்காதே. எந்த இடத்திலும் நிறுத்தக்கூடிய சின்ன ஆலாபனை, சின்னக் கீர்த்தனை போதும். காரணம் இதுதான்: வாத்தியார் மாங்கல்யத்தைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்கு அனுப்பிவிட்டால், அது திரும்பி வந்ததும் நேரம் கிடையாது. அவர் கையைத் தூக்கிய நொடியில் கெட்டிமேளம் விழ வேண்டும். அனுபல்லவியை முடித்துவிட்டு வருகிறேன் என்று நீ நினைத்தால் முதல் முடிச்சு விழுந்திருக்கும். அதனால் தட்டு சபைக்குள் போனதுமே ராகத்தைச் சுருக்கி, சீவாளியை ஒருமுறை நனைத்துக்கொண்டு, கண்ணை வாத்தியார் கையில் வை. தவில்காரர் கண் உன் மேல் இருக்கட்டும். யாராவது தும்மினாலும் அபசகுனமாக ஒன்று சொன்னாலும் காதில் விழக்கூடாது என்பதற்குத்தான் அந்தச் சத்தம். அங்கே நுணுக்கம் காட்டாதே, துரித காலத்தில் நிறைவாக ஊது. மூன்றாவது முடிச்சும் விழுந்து அட்சதை ஓய்ந்த பிறகு மெல்ல இறங்கு. போட்டோகிராபர் "இன்னொரு தடவை" என்று கேட்பார். அவருக்கு வேண்டுமானால் மாப்பிள்ளை கையை மறுபடி கழுத்தருகே கொண்டு போகட்டும். கெட்டிமேளம் இரண்டாம் தடவை கிடையாது.

முகாரி பக்கமே போகாதே. முகூர்த்தம் முடிந்ததும் சினிமாப் பாட்டு கேட்பார்கள், வாசி, தப்பில்லை. மங்களத்துக்கு மத்தியமாவதி.

வாசிப்புக்கு ஒரு மணி முன்னால் இரண்டு இட்லி, அவ்வளவுதான். வெற்றிலை பாக்கு எல்லாம் முடிந்த பிறகு. தூள் சீவாளியில் அடைத்தால் மேடையில் எடுப்பது கஷ்டம். முன்பணத்தைப் பேசி வாங்கிக்கொள், கூச்சப்படாதே.

பொங்கல் முடிந்து திருவாவடுதுறைக்குப் போகிறேன். உன் கெண்டையின் மேல்முனைச் சுற்றளவை நூல் வைத்து எடுத்து, அந்த நூலையே கவரில் போட்டு அனுப்பு. ஆறு சீவாளி கட்டச் சொல்லி வாங்கி வைக்கிறேன்.

அப்பா