தெரபி அறைக்குள் எங்களையும் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அங்கன்வாடிக்கு வந்த ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழுதான் என் மகனுக்கு 'ஓ.டி.' வேண்டும் என்று சீட்டு எழுதியது. ஆபரேஷன் தியேட்டர் என்று நினைத்து என் மாமியார் அழுதேவிட்டார். ஆக்குபேஷனல் தெரபி, அதாவது தொழில்சார் சிகிச்சை என்றேன். "நாலு வயசுப் புள்ளைக்கு என்னம்மா தொழில்?" என்றார். சட்டை போடுவது, சோறு பிசைவது, விளையாடுவது, இதுதான் அந்த வயதின் தொழில் என்று எனக்கே அப்புறம்தான் புரிந்தது.

வாரம் 2 நாள் குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா வழியாக வேலூருக்கு பஸ். ஹாரன் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். அங்கே தெரபி மையத்தில் பிள்ளையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்கள். முக்கால் மணி நேரம் நான் வெளியே பெஞ்சில். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "நல்லா பண்ணான்". வீட்டில் செய்ய ஒரு தாள் கொடுத்தார்கள், முழுக்க இங்கிலீஷ். தறி ஓட்டும் அவன் அப்பா அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

ஆறு மாதம் இப்படியே போனது. புதிதாக வந்த தெரபிஸ்ட் பெண்தான், "நீங்களும் உள்ள வாங்கக்கா" என்றார். சட்டை பட்டன் எல்லாவற்றையும் என்னையே போடச் சொல்லி, கடைசி ஒன்றை மட்டும் பாதி நுழைத்து அவன் கையில் கொடுத்தார். இழுத்தான், பட்டன் முழுசாக நுழைந்துவிட்டது. சட்டையையே தானே போட்டதுபோல ஒரு சிரிப்பு! அது பழகியதும் கடைசி இரண்டு, அப்புறம் மூன்று. நீள பலப்பத்தை உடைத்து விரல்கணு அளவு துண்டைக் கொடுத்தார். முஷ்டியால் பிடிக்க இடமில்லை, தானாக விரல் நுனிக்கு வந்துவிட்டது. ஈர மாவு பட்டாலே அவனுக்குக் குமட்டும். முதலில் உலர்ந்த கேழ்வரகில் கைவிட்டு அளையச் சொன்னார், அப்புறம் மாவில், கடைசியில்தான் தண்ணீர். இப்போது களியைத் தானே உருட்டிக் குழம்பில் தொட்டுக்கொள்கிறான். கொஞ்சம் முகம் சுளிப்பான், சரி, இருக்கட்டும்.

வாரத்தில் தெரபி ஒன்றரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் பிள்ளை எங்களிடம்தானே இருக்கிறது? அம்மாவைப் பார்த்தால் சில பிள்ளைகள் அடம்பிடிக்கும், தெரியும். அப்படியானால் கடைசி 10 நிமிடமாவது கூப்பிட்டுச் செய்து காட்டுங்கள். வீட்டுப் பயிற்சித் தாளைத் தமிழில், படம் போட்டுக் கொடுங்கள். இதற்குத் தனியாக நிதி எதுவும் வேண்டியதில்லை.

என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேரணாம்பட்டு அக்கா இன்னும் அதே பெஞ்சில்தான் இருக்கிறார். அவர் மகளுக்கு வேறு தெரபிஸ்ட்.

இப்படிக்கு,
ஒரு தாய், குடியாத்தம்