ராவணன் மீசையை விட்டுவையுங்கள்

சென்னைக் கடற்கரைகளை அழகுபடுத்தத் திட்டம் போடும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். திருவான்மியூருக்குத் தெற்கே கடலோரமாக நடந்தால், மணல் மேட்டில் ஆங்காங்கே விறைத்த முள் இலையோடு ஒரு புல் படர்ந்திருக்கும். காலில் குத்தும். ராவணன் மீசை என்பார்கள். வரைபடத்தில் நீங்கள் 'புதர் அகற்றல்' என்று எழுதும் இடத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

அந்த மேட்டைக் கட்டியதே இந்தப் புல்தான். காற்று அடித்து வரும் மணல் இலைகளில் பட்டு, வேகம் குறைந்து அங்கேயே விழுகிறது. மணல் மூடினால் தோட்டச் செடி செத்துப்போகும். இதுவோ மூட மூட மேலே வரும். தரையோடு ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலை இறுக்கிப் பிடிக்கும். பெண் செடியின் முள்பந்துகள் காற்றில் உருண்டோடி, போகிற இடமெல்லாம் விதை போடும். கூடவே அடப்பங்கொடி: பிளந்த ஆட்டுக்குளம்பு இலை, காலையில் விரியும் ஊதாப் பூ. சங்கப் பாட்டின் நெய்தல் நிலத்தில் பூத்த அடும்பு இதுதான். இதைப் பிடுங்கிவிட்டு லாரித் தண்ணீரில் புல்தரை வளர்ப்பது என்ன அழகோ!

புயல் வந்தால் அலை மேட்டை அரிக்கும். அரிக்கட்டும், அதற்குத்தான் அது இருக்கிறது. அரித்த மணலில் பெரும்பகுதி கரைக்குப் பக்கத்திலேயே கடலடியில் திட்டாகத் தங்கி, அடுத்து வரும் அலையின் வேகத்தை உடைக்கும். கடல் அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையேறும். புல் அதை மறுபடி பிடித்து வைக்கும். கான்கிரீட் சுவருக்கு இந்த வேலை தெரியாது.

எல்லா இடத்துக்கும் புல் போதும் என்று சொல்லவில்லை. தெற்கிலிருந்து நகரும் மணலைத் துறைமுகம் மறித்ததால் மெரினா அகலமானது, ராயபுரத்துக்கு வடக்கே கரை கரைந்தது. அங்கே மணலே வருவதில்லை, புல் எதைப் பிடிக்கும்? ஆனால் கொட்டிவாக்கம், நீலாங்கரைப் பக்கம் இன்னும் மணல் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையும் மணல் மேடுகளை மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில்தான் வைத்திருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? மேட்டின் மேல் ஜேசிபியும் குப்பை வாரும் எந்திரமும் ஏற வேண்டாம். அங்கே குப்பையைக் கையால் பொறுக்கலாம். மக்கள் நடக்க மரப்பலகைப் பாதை ஒன்றிரண்டு போதும், மற்ற இடத்தில் கயிறு கட்டுங்கள். அலை எல்லையை ஒட்டிச் சவுக்கு நட வேண்டாம். தை முதல் பங்குனி வரை ஆமைகள் முட்டையிட வெறும் மணல் வேண்டும். மேடு வெறுமையாகிவிட்ட இடத்தில், ஐப்பசி மழையோடு ராவணன் மீசைத் தண்டுகளை நடுங்கள். எங்கே நடுவது என்று குப்பத்துப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு வரைபடம் போடுங்கள்.

இப்படிக்கு,
கொட்டிவாக்கம்வாசி ஒருவர்