மூன்றாவது குழந்தையைக் கேட்பதற்கு முன்: தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு தம் மாநில மக்கள் கூடுதலாகக் குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசிய சில நாட்களிலேயே, சென்னையில் அறநிலையத் துறை நடத்திய திருமண விழாவில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், நாடாளுமன்றத் தொகுதிகள் குறையக்கூடும் என்பதால் பதினாறு பிள்ளைகள் பெற்றால் என்ன என்ற நிலை வந்துவிட்டதாகப் பாதி வேடிக்கையாகச் சொன்னார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் அவர் பேசியபோது வேடிக்கை குறைந்து, புதுமணத் தம்பதிகள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற வேண்டுகோளாகவே அது மாறிவிட்டது. அதே மாதம் ஆந்திர நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், மூன்றாவது குழந்தை பெண்ணானால் 50,000 ரூபாயும் ஆணானால் ஒரு பசுவும் தருவதாக அறிவித்தார். (எந்தக் கணக்கில் பெண்ணுக்கு ரொக்கமும் ஆணுக்கு மாடும் ஆனதோ, அவருக்கே வெளிச்சம்.)

நான் ஈரோடு மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். குடும்பநலச் சின்னமான சிவப்பு முக்கோணம் வரைந்த துணை சுகாதார நிலையத்தின் சுவருக்குள் உட்கார்ந்தும், வீடு வீடாகப் போயும் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கே அரசு எனக்குச் சம்பளம் கொடுத்தது. மாதாந்திரக் கூட்டத்தில் எங்களிடம் முதலில் கேட்கப்பட்டது குடும்பக் கட்டுப்பாட்டு (கு.க.) அறுவை எத்தனை என்பதுதான். இதில் நம் மாநிலம் முன்னோடியுங்கூட: 1950களின் பிற்பகுதியிலேயே கருத்தடை அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சென்னை மாநில அரசு 30 ரூபாய் வழங்கியது. அன்று பெறாமலிருக்கப் பணம் கொடுத்த அரசியல், இன்று பெறுவதற்குப் பணமும் பசுவும் பேசுகிறது. இரண்டு முறையும் கணக்குப் பார்க்கப்படுவது அதே பெண்ணின் உடம்பைத்தான்.

மக்கள்தொகை குறைந்தால் மக்களவையில் நம் இடங்களும் குறையும் என்ற உங்கள் அச்சம் புரியாமலில்லை. 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மாநிலங்களுக்கான மக்களவை இடங்களை 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அளவிலேயே நிறுத்திவைத்தது. பின்னர் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. சொன்னபடி குடும்பத்தைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காகவே தன் 39 இடங்களின் எடையை இழப்பது அநீதி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த அநீதியைப் பிரசவ வார்டில் சரிசெய்ய முடியாது. அடுத்த கணக்கெடுப்பில் யார் யார் எண்ணப்படுவார்கள் என்பதற்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டது. ஓராண்டில் வழக்கத்தைவிட ஒரு லட்சம் குழந்தைகள் கூடுதலாகப் பிறந்தாலும், ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள்தொகையில் அது எழுநூறில் ஒரு பங்குகூட இல்லை. மக்கள்தொகைப்படி இடங்களைப் பிரிக்கும் தொகுதி மறுவரையறை நாடாளுமன்றத்தில் வாதாடித் தீர்க்க வேண்டிய வழக்கு. அதைத் தாலி கட்டி முடித்த கையோடு மணமக்களிடம் ஒப்படைப்பது முறையல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. மூன்றாவது குழந்தை கேட்டு நீங்கள் மேடையேறும்போது, எதிரே அமர்ந்திருக்கும் தாய்மார்களில் பெரும்பாலோர் அரசின் சொல்லைக் கேட்டு அந்தக் கதவை எப்போதோ மூடியவர்கள். ஆக, கேள்வி உண்மையில் இளந்தம்பதிகளைப் பற்றியது. அவர்களில் பலருக்கு மூன்றாவது அல்ல, இரண்டாவதே எட்டாக்கனியாக இருக்கிறது.

என் பகுதியில் கணவனும் மனைவியும் மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ போகிறவர்கள். ஒரு பிள்ளையோடு நின்றுவிட்ட பெண்ணிடம் ஏன் என்று கேட்டால், "ஒண்ணே போதுங்க நர்சம்மா, பாத்துக்க ஆளில்லீங்க" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். முதல் பிள்ளையைத் தாய்வீட்டில் விட்டு வேலைக்குப் போனவளுக்கு, இரண்டாவது பிறக்கும் நேரத்தில் அம்மாவுக்கு வயதாகிவிடுகிறது அல்லது அம்மாவே நூறு நாள் வேலைக்குப் போகிறார். அங்கன்வாடிகள் 54,000க்கு மேல் இருக்கின்றன. ஆனால் கைக்குழந்தையை அங்கே விட முடியாது, விடக்கூடிய வயதுப் பிள்ளைக்கோ ஷிப்டு முடிவதற்கு வெகு முன்பே அங்கே பூட்டு விழுந்துவிடுகிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. பலகை மட்டும் தொங்கி, உள்ளே அட்டைப்பெட்டி அடுக்கிய காப்பக அறையை நான் பார்த்திருக்கிறேன்.

உதவிகளின் நிலையைப் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018இல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். நல்ல திட்டம்தான். ஆனால் கர்ப்பத்தைப் பதிவு செய்யும் பிக்மி எண் புகுந்த வீட்டு ஊரில், வளைகாப்புக்குப் பின் பிரசவம் தாய்வீட்டு ஊரில் என்றானதும் தவணை எங்கோ சிக்கிக்கொள்ளும். பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு பணம் வந்து சேர்ந்த கதைகள் எந்தச் செவிலியரிடமும் கிடைக்கும். அந்த உதவியும் முதலிரண்டு பேறுகளுக்கே என்றுதான் வகுக்கப்பட்டது. மத்தியச் சட்டமும் இரண்டு குழந்தைகள் உள்ள பெண்ணுக்கு 26 வார விடுப்பை 12 வாரமாகக் குறைக்கிறது. முதல் மணத்தில் இரண்டு குழந்தைகள் இருந்ததைக் காட்டி, மறுமணத்தில் கருவுற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு நம் மாநிலத்தில் விடுப்பு மறுக்கப்பட்டு, அவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 மே மாதம்தான் நீதி பெற்றார். மேடையில் வரவேற்கப்படும் பிள்ளையைக் கோப்பில் தண்டிக்கும் அரசை யார் நம்புவார்கள்?

பணத்தை மட்டும் அள்ளிக் கொடுத்தும் பயனில்லை. குடும்பங்களுக்குப் பெருஞ்செலவில் சலுகைகள் அளித்த ஹங்கேரியில் கருவுறுதல் விகிதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள்) 2021 வாக்கில் 1.6 வரை ஏறி, மீண்டும் 1.4க்கு அருகே இறங்கிவிட்டது.

ஏறக்குறைய நூறாண்டுக்கு முன் பெரியார் கர்ப்பத்தடையை ஆதரித்தபோது, மற்றவர்கள் உடல்நலத்தையும் நாட்டின் பொருளாதாரத்தையும் காரணம் காட்டுகிறார்கள், தாமோ பெண்ணின் விடுதலைக்காகக் கேட்பதாகச் சொன்னார். அவர் பெயரைச் சொல்லாமல் உங்களில் பலர் பேச்சைத் தொடங்குவதில்லை. பெறாமலிருக்கும் முடிவு அவளுடையது என்றால், பெறும் முடிவும் அவளுடையதே.

ஆகவே, மகப்பேறு உதவி, விடுப்பு ஆகியவற்றில் குழந்தைகளின் எண்ணிக்கையைப் பார்க்கும் நிபந்தனைகள் எங்கெல்லாம் மாநில விதிகளில் மிச்சமிருக்கின்றனவோ அங்கெல்லாம் நீக்குங்கள். மத்தியச் சட்டத்தின் 12 வாரப் பிரிவைத் திருத்தக் கோரி அவையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். தனியார் நிறுவனத் தந்தைக்கும் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஈரோடு, திருப்பூர், கோவை போன்ற தொழில் மாவட்டங்களில் ஆறு மாதக் குழந்தை முதல் ஏற்றுக்கொள்ளும், இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும் காப்பகங்களைத் தகுந்த சம்பளத்தில் ஆள் நியமித்துத் தொடங்குங்கள். அடுத்த நிதிநிலை அறிக்கையில் இதற்கென்று தனியாக எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் நாங்கள் முதலில் தேடிப் படிப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ஈரோடு மாவட்டம்